எவரெஸ்ட் டவர்ஸும் அதன் நிழலும்

பூமியைக் காப்பாற்றும் இறுதிப் போர், 2041ஆம் ஆண்டு மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை பத்து மணிக்கு, வேலூர் சத்துவாச்சாரியில் தொடங்கியது. பத்து மணி என்றுதான் சுற்றறிக்கையில் போட்டிருந்தோம். பத்தே முக்கால் வரை தலைவரும் நானும் நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகளும் மட்டும்தான் இருந்தோம்.

இடம், எவரெஸ்ட் டவர்ஸின் வண்டி நிறுத்தும் தளம், மீட்டர் பெட்டிகளுக்கு எதிரே. பெயரைக் கேட்டு அண்ணாந்து பார்க்க வேண்டாம். தரைத்தளமும் நாலு மாடியும், மொத்தம் பதினைந்து வீடு. லிஃப்ட் கிடையாது. கட்டியவர் லிஃப்டுக்கு இடம் விட்டிருந்தார். இருபத்தெட்டு வருடமாக அதில் பழைய செய்தித்தாள் குடியிருக்கிறது.

தலைவர் கோதண்டபாணி, கூட்டுறவுத் துறையில் இணைப் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்பது வருடமாகியும் ஓய்வு பெற்ற செய்தியை அவருக்கு யாரும் முறைப்படி தெரிவிக்கவில்லை போலிருக்கிறது. நான் பூவராகன், சங்கச் செயலாளர். இன்சூரன்ஸ் ஏஜென்ட் எப்போதும் வீட்டில்தானே இருப்பான் என்று என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஒரு வழியாக எட்டு பேர் சேர்ந்ததும், பாலாறு மின்பகிர்வு நிறுவனத்தின் உதவிப் பொறியாளர் நறுமுகை எழுந்தார். இருபத்தைந்து வயதிருக்கும். கையில் சோப்புப் பெட்டி அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு கருவி.

"புதுக் கட்டடங்களுக்கெல்லாம் சட்டம் வந்தாச்சு சார். பழைய கட்டடங்கள்தான் கரண்ட்டக் குடிக்குது. அதான் இந்த ஊக்கத் திட்டம். நூறு நாளைக்கு நீங்க வழக்கமா எரிக்கறதுல மூணுல ஒரு பங்கு குறைச்சுக் காட்டணும். காட்டிட்டா மொட்டை மாடிக்குக் குளிர்ப் பூச்சு, ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி, அதோட நீங்க கேக்கற ஒரு பொது வசதி, எல்லாம் எங்க செலவு."

"லிஃப்ட்டு கேக்கலாமா?" என்று மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். நாலாவது மாடி ஜன்னலில் எஸ்தர் சிஸ்டரின் தலை தெரிந்தது. முப்பத்தைந்து வருடம் ஆஸ்பத்திரி வார்டுகளை ஆண்டவர். தனியாக இருக்கிறார். பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து பதினாலு மாதமாகக் கீழே இறங்கவில்லை. படியேறக் கூடாது, இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்கும் உலகத்துக்கும் இடையே இருந்தது கயிற்றில் கட்டிய ஒரு கூடைதான். தினமும் காலையில் மீன்காரர் கன்னியப்பன் வந்து கூவுவார். கூடை இறங்கும். "செவுள் செவப்பா இருக்குதா?" என்று மேலேயிருந்து கேள்வி வரும். "ரத்தம் மாரி கீது சிஸ்டர்!" என்று கீழேயிருந்து பதில் போகும். மீன் மேலே போய்ச் சேர்ந்ததும் வசவு கீழே வரும்.

"தாராளமாக் கேக்கலாம் மேடம்" என்று நறுமுகை மேலே பார்த்துக் கத்தினார். "இறங்கும்போது கரண்ட் தயாரிக்கிற லிஃப்ட்டே இருக்கு!"

"அப்ப நான் இறங்கினு மட்டும் இருக்கேன்!"

கைதட்டல் கிளம்பியது. எஸ்தர் சிஸ்டருக்காக லிஃப்ட் என்று அப்போதே முடிவாயிற்று.

முதல் மாடி மங்கை டீச்சருக்கு எதையும் கேள்வி கேட்காமல் விடும் பழக்கமில்லை. "வழக்கமா எரிக்கறதுன்னா எது? அத யார் சொல்றது?"

"அதான் மேடம் முக்கியமான கேள்வி. இன்னிக்கு எவ்வளவு எரிச்சீங்கன்னு மீட்டர் சொல்லிடும். இந்தத் திட்டமே வரலைன்னா இன்னிக்கு எவ்வளவு எரிச்சிருப்பீங்க? அத எந்த மீட்டரும் சொல்லாது. அதனால இன்னொரு எவரெஸ்ட் டவர்ஸ் கட்டப் போறோம்."

தலைவர் நிமிர்ந்தார். "எந்த சர்வே நம்பர்ல?"

"கம்ப்யூட்டர்ல சார். ஒவ்வொரு ஃபேனுக்கும் மிக்சிக்கும் கரண்ட்ல ஒரு குரல் இருக்கு. இந்தப் பெட்டி முப்பது நாள் அதையெல்லாம் கேக்கும். யாரு எப்ப எழுந்திருக்கறாங்க, யாரு லைட்ட அணைக்க மறக்கறாங்க, யாரு சிக்கனம், எல்லாம் புரிஞ்சுக்கும். அப்புறம் உங்க ஒவ்வொருத்தர் மாதிரியும் ஒரு ஆள் உள்ள வாழ ஆரம்பிச்சுடுவாங்க. அதுக்கு நிழல் கட்டடம்னு பேர். அதே வெயில், அதே மழை. ஒண்ணே ஒண்ணு, அவங்களுக்கு இந்தத் திட்டம் இருக்கறது தெரியாது. அவங்க எரிக்கறதுதான் உங்க வழக்கம்."

நறுமுகை பெட்டியை மாட்டிவிட்டுப் போனார். அவருடைய ஸ்கூட்டர் முனை திரும்பியதுமே தலைவர் கேட்டைச் சாத்தச் சொன்னார். கண்கள் ஜொலித்தன.

"புரியுதா உங்களுக்கு? நிழல்காரன் எவ்வளவு ஊதாரியோ, அவ்வளவுக்கு நமக்கு லாபம். முப்பது நாள். ராஜா மாதிரி எரிங்க! பில்லப் பத்திக் கவலையே வேண்டாம், சங்க நிதி ஏத்துக்கும். செக்ரட்டரி, எழுதுங்க. தீர்மானம் எண் மூணு."

ஒன்றும் இரண்டும் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. எழுதினேன்.

அந்த முப்பது நாளை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. பதினைந்து வீட்டில் பத்து வீட்டுக்காரர்கள் அதுவரை ஏசியை விருந்தாளி வந்தால் மட்டுமே போடுகிறவர்கள். இப்போது ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு போட்டார்கள். வேலூர் வெயிலில் கீசர் கொதித்தது. துணியே இல்லாமல் இஸ்திரிப்பெட்டிகள் சூடாகிக் கிடந்தன. கிரைண்டர்களில் வெறும் தண்ணீர் அரைபட்டது. மங்கை டீச்சர், "பாவம்ங்க இது" என்று சொல்லிக்கொண்டே ஓவனில் ஒரே ஒரு அப்பளம் சுட்டார். தலைவர் தினமும் மாலை மாடிப்படியில் நின்று எந்த வீட்டு ஜன்னல் இருட்டாக இருக்கிறது என்று பார்த்துக் குரல் கொடுத்தார்.

ஒரு ஜன்னல் மட்டும் அடங்கவில்லை. எஸ்தர் சிஸ்டர் வீட்டில் ஒரு ஃபேன், ஒரு டியூப்லைட், சின்ன ஃப்ரிட்ஜ். அவ்வளவுதான். தலைவர் நாலு மாடி ஏறினார், நானும் கூடவே. ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கியதில் அவருடைய கோபம் பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது. கதவு திறந்ததும் அதைத் திரும்பக் கிளப்ப வேண்டியிருந்தது.

"உங்க வீட்டு கரண்ட்டுக் கோடு தரையோட படுத்துக் கெடக்குது சிஸ்டர்."

"நானும்தான் சார் படுத்துக் கெடக்கறேன்."

"லிஃப்ட் உங்களுக்காகத்தான். நீங்களே ஒத்துழைக்கலைன்னா எப்படி?"

"எரிக்க எங்கிட்ட என்னா இருக்குது சார்? வேணும்னா எதுனா கொண்டாந்து வைங்க, எரிக்கறேன்."

அதுதான் பொறி. இரண்டாம் மாடி லத்தீஃப் பாய் ஐஸ்கிரீம் கடை வைத்திருந்து மூடியவர். கடையின் ஃப்ரீசர் வண்டி நிறுத்தும் தளத்தில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு இரண்டு வருடமாக நின்றிருந்தது. "தொண்ணூத்திரண்டு கிலோ. கம்பெனி ஸ்டிக்கர்லயே போட்டிருக்கான்" என்று லத்தீஃப் பாய் அதன் முதுகைத் தட்டினார், ஏதோ குதிரையை விற்பவர் போல.

ஆறு பேர் சேர்ந்தோம். கயிறு, கோணி, கெட்ட வார்த்தை எல்லாம் தாராளமாகப் புழங்கின. "சாய்! சாய்! என் விரல் என் விரல்!" முதல் மாடியில் மங்கை டீச்சர் மோர் கொடுத்தார். மூன்றாம் மாடித் திருப்பத்தில் சுவரில் காரை பெயர்ந்தது. நாற்பது நிமிடத்தில் ஃப்ரீசர் எஸ்தர் சிஸ்டரின் கூடத்தில் நின்று உறுமியது. தலைவர் வியர்வையோடு அதன் பக்கத்தில் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டார், உண்மையான எவரெஸ்ட்டில் ஏறியவர் மாதிரி. அந்த நாள் முழுக்க எங்கள் கட்டடத்தில் யாருக்கும் கால் தரையில் பாவவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் பெயர் தெரியாதவர்கள்கூடத் தோளில் கை போட்டுக்கொண்டார்கள்.

முப்பதாம் நாள் மாலை அதே ஆறு பேர் ஃப்ரீசரைக் கீழே இறக்கினோம். இருபத்தைந்தே நிமிடம். எஸ்தர் சிஸ்டர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"அத வெச்சுட்டு என்னத் தூக்கினு போங்களேம்பா."

விழுந்து விழுந்து சிரித்தோம். லத்தீஃப் பாய் தன் மூலையைக் கைநழுவ விடப் பார்த்தார். "சிஸ்டருக்கு எப்பவும் தமாஷ்தான்" என்றார் தலைவர்.

மறுநாள் நூறு நாள் கணக்கு தொடங்கியது. மீட்டர் பெட்டிக்கு மேலே ஒரு பலகை ஒளிர்ந்தது. அதில் இரண்டு எண்கள். நாம்: 104 யூனிட். நிழல்: 306.

யாரோ விசில் அடித்தார்கள். நாங்கள் எதையுமே சிக்கனம் செய்யவில்லை. பைத்தியக்காரத்தனத்தை நிறுத்தியிருந்தோம், அவ்வளவுதான். நாலு நாள் இப்படியே போயிற்று. லிஃப்டுக்கு என்ன நிறம் என்று விவாதம் ஆரம்பித்தது. தலைவர் திறப்பு விழா உரையின் முதல் மூன்று பக்கங்களை என்னிடம் படித்துக் காட்டினார்.

ஐந்தாம் நாள் காலையில் பலகையைப் பார்த்த லத்தீஃப் பாய் கையில் இருந்த பால் பாக்கெட்டைக் கீழே போட்டார்.

நாம்: 102. நிழல்: 81.

நறுமுகைக்குப் போன் பறந்தது. வந்தார், டேப்லெட்டைத் தட்டினார், உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று பிறகுதான் புரிந்தது.

"அவங்களுக்கு பில் வந்துடுச்சு சார்."

"யாருக்கு?"

"நிழல்ல இருக்கறவங்களுக்கு."

"அந்த பில்லத்தான் சங்க நிதி ஏத்துக்குதே! தீர்மானம் எண் மூ..." தலைவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பரவால்ல சார். ஐஸ்கிரீம் ஃப்ரீசர் நாலாவது மாடிக்குப் போனப்பவே தெரியும். இந்த ஏரியாவுல நீங்க பதினோராவது பில்டிங்." நறுமுகை டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். "ஆனா அவங்களுக்குத் தீர்மானம் எதுவும் தெரியாதே. ஏதோ ஒரு மாசம் புத்தி கெட்டுப்போய் எரிச்சோம்னு மட்டும் ஞாபகம் இருக்கு. கையில பில் இருக்கு. பதறிட்டாங்க."

"அவங்கன்னா யாரும்மா அவங்க?" என்றார் மங்கை டீச்சர்.

"நீங்கதான் மேடம். அச்சு அசல். நிழல் கோதண்டபாணி சார் வீடு வீடாப் போய் கீசர் ஒயரப் பிடுங்கிட்டார்."

தலைவர் முகத்தில் கலவரத்துக்கு நடுவே கொஞ்சம் பெருமை தெரிந்தது.

இப்போது நாங்கள் வெல்ல வேண்டியது எங்கள் கஞ்சத்தனத்தை. அதையும்விட மூன்றில் ஒரு பங்கு குறைவாக எரிக்க வேண்டும், அதாவது ஐம்பத்து நாலு யூனிட். வெறி பிடித்தது எங்களுக்கு. காலையில் பல் துலக்குவதற்கு முன்பே எல்லோரும் பலகைக்கு முன்னால் கூடிவிடுவோம். "இன்னிக்கு நிழல் லத்தீஃப் மிக்சியே போடல, அம்மியில அரைக்கறான் போல" என்று லத்தீஃப் பாய் தன்னையே திட்டுவார். நிழல் ஓர் அடி எடுத்து வைத்தால் நாங்கள் இரண்டு அடி பாய்ந்தோம். தலைவர் கண்காணிப்புக் குழு அமைத்தார். கதவில் காது வைத்துக் கேட்கும் பொறுப்பு எனக்கு. அணைக்காதவர் பட்டியல் என்று ஒரு தாள் தினமும் பலகைக்குக் கீழே ஒட்டப்பட்டது. என் பெயர் இரண்டு முறை வந்தது. என் மனைவிதான் புகார் கொடுத்தாள்.

பிறகு நிழல்காரர்கள் பகலெல்லாம் தரைத்தளத்தில் ஒரே கூடத்தில், ஒரே ஏசியில் கூடியிருக்கிறார்கள் என்று நறுமுகை சொல்லித் தெரிந்தது. நிழல்: 66. நாங்களும் கூடினோம். தரைத்தளத்தில் குளிர்ச்சியானது தலைவர் வீடுதான். அவருடைய சோபாவில் ஏழு பேர் உட்கார்வதை அவர் நின்றுகொண்டே பார்த்தார்.

எஸ்தர் சிஸ்டரால் மட்டும் வர முடியாது. அதனால் பட்டியலில் தினமும் அவர் பெயர் வந்தது. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீடு, அக்னி நட்சத்திரம், நாள் முழுக்க ஓடும் ஃபேன். தலைவர் என்னைத்தான் அனுப்பினார்.

"ரெண்டு மணியிலேர்ந்து நாலு மணி வரைக்கும் மட்டும் சிஸ்டர்" என்றேன். அவர் கண்ணைப் பார்க்காமல், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னேன்.

"அதுக்கென்னா தம்பி. வார்டுல கரண்ட் போனா ஈரத்துணிதான். லிஃப்ட்டு வரட்டும். அந்தக் கன்னியப்பன் மீனோட செவுள நான் என் கையால தூக்கிப் பாக்கணும்."

இருபத்து நாலாம் நாள் மதியம் மூன்றரை மணிக்கு லத்தீஃப் பாய் வீட்டில் கூடையில் மோர் வைத்தார்கள். கூடை மேலே போகவில்லை. குரல் கொடுத்தார்கள். கயிறு அப்படியே தொங்கியது.

நான் நாலு மாடியையும் எப்படி ஏறினேன் என்று தெரியாது. எஸ்தர் சிஸ்டர் தரையில் கிடந்தார். மார்பில் போட்டிருந்த துணி மொரமொரவென்று காய்ந்திருந்தது. கண் திறந்திருந்தது. "ஏழாம் பெட்டு, எழுந்திரிக்கக் கூடாது" என்று என்னைப் பார்த்து அதட்டினார். குரலில் ஈரமே இல்லை. நான் ஃபேன் சுவிட்சைப் போட்டேன்.

கீழே தலைவர் வீட்டுக் கூடத்திலிருந்து ஒரே குரலாக "ஐயோ" என்று கேட்டது. அங்கிருந்து தெரியும் பலகையில் தசமப் புள்ளிக்குப் பின்னால் ஓர் எண் ஏறியிருந்தது.

டாக்டர் வந்து குளுக்கோஸ் ஏற்றினார். "இந்த வீட்ல இவங்க இருக்கவே கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். மாலை ஐந்து மணிக்கு அவசரக் கூட்டம். முதல்முறையாக நாற்பது நாற்காலியும் நிரம்பின. யாரும் யாரையும் பார்க்கவில்லை. நறுமுகையும் வந்திருந்தார்.

"தீர்மானம் எண் ஏழு" என்றார் தலைவர். குரலில் பழைய கம்பீரம் இல்லை. "லிஃப்ட் வரும் வரை எஸ்தர் சிஸ்டர் காட்பாடியில தங்கச்சி வீட்ல தங்குவது. போக்குவரத்துச் செலவு சங்கத்துடையது."

ஒருமனதாக நிறைவேறியது. சிலர் கைகூடத் தட்டினார்கள்.

"சரி சார்" என்றார் மங்கை டீச்சர். "எப்படி இறக்கறது?"

"லிஃப்ட் வந்ததும்..." என்று ஆரம்பித்த தலைவர் பாதியில் நின்றார்.

வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் அவர் இறங்க முடியாதவர் என்பது எங்களுக்குள் முடிந்துபோன விஷயம். 'லிஃப்ட் இல்லாத காரணத்தால்' என்று பதினொரு மனுக்களில் நானே எழுதியிருக்கிறேன். அத்தனை முறை எழுதினால் எழுதியவனுக்கே நம்பிக்கை வந்துவிடும்.

நறுமுகை தொண்டையைச் செருமினார். "ஒண்ணு சொல்லலாமா? அந்த ரெண்டு மணி நேர ஃபேனால மிச்சமானது ஒரு யூனிட்ல ஏழுல ஒரு பங்கு. அத விடுங்க. நிழல்ல இவங்க வீட்டு ஃபேன் இருபது நாளா ஓடவே இல்ல."

நான் எழுந்தே விட்டேன். "செத்துட்டாங்களா?"

"இல்ல சார். தரைத்தளத்துல, தலைவர் வீட்ல, ஒரு ஆள் கூடுதலா இருக்காங்க. கம்ப்யூட்டர்கிட்ட காரணம் கேட்டேன். பில் வந்த மறுநாள் ஃப்ரீசர இறக்கறதுக்கு ஆறு பேர் மேல போயிருக்காங்க. ஒரு ஆளுக்காக நாலாவது மாடியில தனியா ஃபேன் ஓடறது தண்டம்னு தோணியிருக்கு. அதே நடையில இவங்களையும் நாற்காலியில வெச்சு இறக்கிட்டாங்க."

"யாருக்குத் தோணிச்சு?"

"நிழல் கோதண்டபாணி சாருக்கு."

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். அவருக்கு அதை எப்படி ஏற்றுக்கொள்வது என்று தெரியவில்லை.

"பெரிய மனசுன்னு நினைச்சுக்காதீங்க" என்றார் நறுமுகை. "யூனிட்டுக்காகத்தான்."

நாலு பேர் மேலே போனோம். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று, சேர்த்துக் கட்ட வேட்டி ஒன்று. "கேலி பண்றீங்களாடா?" என்று முதலில் கேட்ட எஸ்தர் சிஸ்டர், நாற்காலி தரையை விட்டு எழும்பியதும் வாயை மூடிக்கொண்டார். ஏழு நிமிடம் ஆயிற்று. லத்தீஃப் பாய் பாதி வழியில் ஒரு கையால் போன் எடுத்து, "அப்புறம் பேசறேன், ஒரு வேலையா இருக்கேன்" என்றார். இரண்டாம் மாடியில் சிஸ்டர் சுவரைத் தொட்டுப் பார்த்தார்.

"எப்பப்பா பச்சை அடிச்சீங்க?"

"போன வருஷம் சிஸ்டர்."

"நல்லால்ல."

காட்பாடிக்கு அவர் போகவில்லை. தலைவர் வீட்டு விருந்தினர் அறையில் இருந்துகொண்டு அவர் வீட்டுச் சாப்பாட்டைக் குறை சொல்கிறார். மறுநாள் காலை கேட்டருகில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் கன்னியப்பன் வண்டியைத் திருப்பப் பார்த்தார்.

"நில்லுடா!" சிஸ்டர் ஒரு சங்கராவை எடுத்துச் செவுளைத் தூக்கினார். பதினாறு மாதத்துக் காத்திருப்பு. நாங்கள் பதினைந்து வீட்டுக்காரர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். "இது ரத்தமாடா? பீட்ரூட்டுடா!"

தெருவே கேட்கும்படி கைதட்டினோம்.

லிஃப்ட் வரவில்லை. நூறாம் நாள் பலகையில் நாமும் நிழலும் ஒரே எண்ணில் நின்றோம், 64. தன்னைப் போலவே நடந்துகொண்டதற்குப் பரிசு கிடையாது என்று நறுமுகை பணிவாகச் சொன்னார். தலைவர் விடவில்லை. மின்சாரமே இல்லாமல் மனித உழைப்பால் நடந்த பணிகளுக்குச் சிறப்புப் பாராட்டு என்று திட்டத்தின் பின்னிணைப்பில் ஒரு படிவம் இருப்பதைக் கண்டுபிடித்தார். மேலே ஏற்றிய, கீழே இறக்கிய பொருள்களின் எடையை அதில் குறிப்பிட வேண்டும். பழைய பேப்பர் கடையிலிருந்து தராசு வந்தது. சிஸ்டர் திட்டிக்கொண்டே ஏறி உட்கார்ந்தார்.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில், இறக்கப்பட்டவை என்ற தலைப்பின் கீழ், என் கையெழுத்தில் இரண்டு வரிகள் இருக்கின்றன. ஃப்ரீசர், தொண்ணூற்றிரண்டு கிலோ. எஸ்தர் சிஸ்டர், நாற்பத்தாறு கிலோ.